எடை போடும் முன்பே போன லாரி

கடை திறந்து வெகு நேரமாகியும் ரெத்தினம் முதலாளி உள்ளே வரவில்லை. மன்னார்குடிக் கடைத்தெருவில், லியாகத் அலியின் கம்ப்யூட்டர் கடை வாசலில், வெயிலில் நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை கூப்பிட்டும் "இருங்க பாய்" என்றாரே தவிர அசையவில்லை. ஒன்பது அடித்த பிறகுதான் வலது காலை எடுத்து வைத்தார். அன்று திங்கட்கிழமை.

"என் ரைஸ் மில்லுல திருட்டு நடக்குது பாய். அரிசியை எடை போடறதுக்கு முன்னாலயே லாரி கேட்டைத் தாண்டிப் போவுது. அப்புறம் ஒரு பொய் எடையைத் தட்டி வைக்குது எடை மேடையில இருக்கற பொண்ணு. நான் சொல்லலை, கம்ப்யூட்டரே சொல்லுது. சாயங்காலம் போலீஸுக்குப் போறேன். அதுக்குள்ள எப்படித் திருடுதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

லியாகத் அலி குவைத்தில் பெரிய பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவசரம் என்பது அவரை அண்டாத வியாதி. அவருக்கும் சேர்த்து அவர் மச்சினன் சித்தீக்குக்கு அது இருந்தது. பட்டப்பகலில் டார்ச் லைட்டோடு கிளம்பினான்.

மில்லில் மூன்று சர்வர்கள். எடை மேடைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, போன வெள்ளிக்கிழமை வாங்கிய புதியது கேட்டுக்கு. மூன்றும் கேபிளால் கோக்கப்பட்டு ஒரே கணக்கைப் பார்த்தன. புதியது தனி அறையில், சந்தனம் குங்குமத்தோடு, எலுமிச்சம்பழம் சூழக் கொலுவிருந்தது. கண்பட்டுவிடும் என்று அந்த அறையின் சாவியை முதலாளி யாரிடமும் கொடுப்பதில்லை.

எடை மேடையில் மதிவதனி அழுது முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தெருவில் முதல் இன்ஜினியர் அவள்தான். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது.

"கேஸுன்னு ஒண்ணு வந்தா அந்த வேலை போயிடும் சார். எடை போடாம ஒரு லாரியும் போகலை."

"லாரிக்குள்ள ஒரு ஆளு, ஆளுக்குள்ள ஒரு சதி. எனக்கு வாடை அடிக்குது மச்சான்," என்றான் சித்தீக்.

"அது தவிட்டு வாடை," என்ற லியாகத் அலி, கேட்டில் நின்ற காவல்காரர் சாமிதுரையிடம் போனார். "நேத்து சாயங்காலம் லாரி எப்பங்க போச்சு?"

"எடை போட்டு முடியவும் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லவும் சரியா இருந்துச்சு பாய். அதுக்கப்புறந்தான் விட்டேன்."

லியாகத் அலி இரண்டு சர்வர்களையும் தட்டிப் பார்த்தார். எடை மேடை சர்வரில் பாங்கு நேரத்தில்தான் எடை பதிவாகியிருந்தது. கேட் சர்வரிலோ பாங்குக்கு முன்பே லாரி போய்விட்டது. புதிய சர்வர் முதன்முதலில் எப்போது ஓட ஆரம்பித்தது என்றும் பார்த்தார். பிறகு எல்லோரையும் முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்.

அங்கே, புதிய சர்வருக்குக் கற்பூரம் காட்டும் முதலாளியின் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"படத்துல உங்க தலைக்கு மேல இருக்கற கடிகாரத்தைப் பாருங்க. பத்தே முக்கால். ஆனா அந்த சர்வர், தான் பத்தேகாலுக்குப் பொறந்ததாச் சொல்லுது. வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்ப ஆரம்பிக்கும் முதலாளி?"

"பத்தரைக்கு," என்ற ரெத்தினத்தின் குரல் பாதியில் இறங்கியது.

"காலையில ராகு காலம் முடியற வரைக்கும் என் கடைப் படியே ஏறாத மனுஷன், ராகு காலத்துல கற்பூரம் காட்டுவாரா?"

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தஞ்சாவூர்லேருந்து மிஷினை மாட்ட வந்த ஆளு பஸ்ஸை விட்டுட்டான் பாய். புது மிஷின், ராகு காலத்துல கண்ணு முழிக்க விடலாமா? அரை மணி பின்னால தள்ளி வைக்கச் சொன்னேன். மிஷின் கணக்குப்படி நல்ல நேரந்தானே?"

"அந்த அரை மணிதான் உங்க திருடன். எடை சரியான நேரத்துல பதியுது. லாரி நீங்க தள்ளி வச்ச நேரத்துல வெளிய போவுது. இந்தப் பொண்ணு ஒரு குண்டுமணி அரிசி எடுக்கலை."

சித்தீக் வருத்தத்தோடு டார்ச்சை அணைத்தான்.

"நேரத்தைத் திருத்தினா அது ராகு காலத்துல பொறந்ததா ஆயிடுமே?" என்றார் முதலாளி.

"இன்னிக்கு நல்ல நேரம் பாத்து அணைச்சு, மறுபடி ஏத்துவோம். அப்புறம் அலுவலக சர்வர் இன்டர்நெட்டைக் கேட்டு நேரம் வச்சுக்கும். மத்த ரெண்டும் அதைக் கேட்டு வச்சுக்கும். உங்களை எதுவும் கேக்காது."

ரெத்தினம் மதிவதனியின் பக்கம் திரும்பினார். "தப்பு பண்ணிட்டேம்மா. சம்பளம் கூட்டித் தாரேன், இங்கயே இரு."

"ஊரே என்னைத் திருடின்னு பாத்துச்சுங்க," என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸுல கிளம்பறேன்."

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கா?" முதலாளியின் முகம் வெளுத்தது.

"ஆமாங்க. ரயிலுக்குத் தோதா அந்த பஸ்ஸுதான் இருக்கு."

ரெத்தினம் நாற்காலியை இழுத்துச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போட்டு அதன்மேல் ஏறினார். லியாகத் அலி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"விடுங்க பாய்," என்றார் முதலாளி. கண் கலங்கியிருந்தது. "நம்ம பொண்ணு நல்லபடியாப் போவ வேணாமா? ஒரு மணி நேரந்தானே."