புள்ளிக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

2007. காலை ஏழு மணி. பிரதீப்பின் மேசையில் இருந்த பழுப்புத் தாள் பாதியாகியிருந்தது.

கணவன் பிரதீப் இறந்தபின் சித்ரகலா அந்த அறையை இன்றுதான் திறக்கிறாள். அதிவேகத்தில் இரண்டு புரோட்டான்கள் மோதினால் எத்தனை துகள்கள் பிறக்கும் என்று அவன் போட்டுவைத்த கடைசிக் கணக்கு அந்தத் தாளில்தான் இருந்தது. மாமனார் ராசப்பன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டப் பேட்டர்ன் வரையும் இந்தத் தாளுக்கு வீட்டில் பஞ்சமில்லை; பிரதீப்பும் அதில்தான் எழுதுவான். இடப்பக்கம் மோதலின் படம், வலப்பக்கம் அதன் கண்ணாடிப் பிம்பம், நடுவில் புள்ளிக்கோடு. இப்போது வலப்பக்கத்தைக் காணோம். இயற்பியல் படித்த சித்ரகலாவுக்கு அது புரியும். பிரதீப்பின் பேராசிரியர் அந்தக் கணக்கை இன்றைக்குள் கேட்டிருந்தார். வேறு யாராவது முந்திக்கொண்டால் கட்டுரையில் பிரதீப்பின் பெயர் இருக்காது.

இழவன்று இந்த அறையில் தனியாக இருந்தவன், அவனோடு ஆராய்ச்சி செய்த மாதவன். போன் போட்டாள்.

“அன்னைக்கு இந்த ரூம்ல என்னங்க பண்ணுனீங்க?”

“அழுதேன் மதினி.”

“தாளைத் தொட்டீங்களா? பாதியைக் காணோமுங்க.”

“என்னைக் களவாணின்னு நினைக்கீகளா? எடுத்தா முழுசையும்லா எடுப்பேன்! பாதியை வச்சு முறுக்கு மடிக்கவா?”

உண்மைதான். கணக்குத் தெரிந்தவன் வெறும் பிம்பத்தைத் திருடமாட்டான்.

தாளை ஜன்னலோரம் கொண்டுபோனாள். புள்ளிக்கோட்டின் மேலேயே, பிசிறில்லாத ஒரே வெட்டு. அடுக்களைக் கத்தரி இப்படி ஓடாது. வெட்டின் இரு முனைகளிலும் நகமளவு சின்ன நறுக்கு வேறு, மடிப்பைக் காட்டக் கட்டிங் மாஸ்டர் போடுவதுபோல.

அவளுக்கு நினைவு வந்தது. இழவன்று பிரதீப்பைத் தூக்குமுன் ராசப்பன்தான் புதுச் சட்டை போட்டுவிட்டார். சட்டைப்பையை இரண்டு தடவை அழுத்திவிட்டார்.

வாசலில் அவர் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“மாமா, அவரு பையில என்னங்க வெச்சீங்க?”

“கோவிச்சுக்காத அம்முணி. எந்நேரமும் அதையேதான பார்த்துட்டுக் கெடந்தான்! வெறுங்கையோட அனுப்ப மனசு வல்லெ. ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டம் இருந்துச்சு, நடுவுல புள்ளிக்கோடு. எங்க தொழில்ல அது மடிப்பு. பாதிப் பேட்டர்னை மடிச்ச துணி மேல வெச்சு வெட்டுனா பனியனோட முழு முன்பக்கமும் வந்துருமே. ஒரு பாதி உனக்குப் போதும்னு… தப்புப் பண்ணிட்டனா?”

“மடிச்சா அப்படியே வராதுங்க மாமா. அந்தப் பக்கம் சில கூட்டல், கழித்தல் குறி மாறும்.”

அவர் முகம் வாடியது.

“எந்தக் குறின்னு எனக்குத் தெரியுமுங்க. புதுத் தாள் ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

மாதவனை மறுபடி அழைத்தாள். “நான் சொன்னது தப்புங்க. மனசுல வெச்சுக்காதீங்க. வந்து கணக்கைச் சரிபார்த்துக் குடுங்க.”

ராசப்பன் தாளை விரித்து, சுருளாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் நடுவில் புள்ளிக்கோட்டைப் போட்டாள்.

அவர் எழுந்துபோய்த் தன் கத்தரியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.