புகை போடாமல் பழுத்த தார்கள்

புகை போடாமலேயே பூவன் வாழைத் தார்கள் பழுத்துக் கிடந்தன. முந்தின நாள் சாயங்காலம்தான் ராயபுரம் மண்டியில், புகை போட்டுப் பழுக்க வைக்கும் மூட்ட அறையில் பச்சைக் காயாக அடுக்கியவை. வறட்டிப் புகையின் காரத்தைக் காணோம். தித்திப்பு வாசனை மட்டும் செல்லக்கனியின் தொண்டையை அடைத்தது.

“இன்னாம்மா, மூட்டம் போடாமயே பழுத்துக்கீது?” என்றான் வண்டிக்கார பக்தவச்சலம்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் அது. பிள்ளை இல்லையென்று மண்டிக்காரர் ராமசுப்பு, செல்லக்கனிக்கு மேல் பூமாரியை இரண்டாந்தாரமாகத் தெற்கேயிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தார். தார் அடுக்கும்போது பூமாரியும் அறைக்குள் நின்றாள். பழுத்த பழம் ஒன்றைக் காய்களுக்கு நடுவில் வைத்தால் அது மற்றதையும் பழுக்க வைத்துவிடும்; மண்டியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்ணுக்குமா அந்தக் குணம்? ராமசுப்பு அதைக் கைராசி என்றார். பொழுதுசாயும் நேரத்தில், “அறைச் சாவிய இனிமே பூமாரிட்ட குடுத்துரு” என்றார்.

மடியில் செருகியிருந்த சாவியைச் செல்லக்கனி இறுக்கிப் பிடித்தாள். புருஷனைத்தான் பங்கு போட்டாயிற்று. கண் எரிய எரியப் புகை ஊதி அவள் சம்பாதித்த மரியாதை அந்தச் சாவி ஒன்றுதான். அதையும் இவளுக்கா?

புதுத் தார்களைப் பார்க்கப் பூமாரி உள்ளே போனதும் செல்லக்கனி கதவைச் சாத்திப் பூட்டினாள். சுவரடி ஓட்டையில் புகைச்சட்டியின் வாயை வைத்து ஊதினாள். வழக்கம்போலக் கதவிடுக்கெல்லாம் களிமண் பூசினாள். கத்தட்டும், கெஞ்சட்டும், ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லட்டும், அப்புறம் திறக்கலாம் என்று கதவில் கையை ஊன்றிக் காத்திருந்தாள். துறைமுகத்துச் சங்கு ஊதி அடங்கியது. உள்ளே தட்டல் இல்லை. இருமல் இல்லை.

பிறகு கதவை ஒட்டி, சாவகாசமாக ஒரு குரல்.

“எக்கா, பொகை எதுக்கு? நான் இருக்கேம்லா.”

பூசிய மண் வெடித்தது. வாசனை கசிந்தது. புகையில்லை, தித்திப்பு. மூக்கில். வாயில். செல்லக்கனியின் விரல்கள் மஞ்சளாயின. புறங்கையில் கரும்புள்ளிகள். ஒன்று. பத்து. முழங்கை குழைந்தது. வலியே இல்லை.

ஓடிவிட நினைத்துக் கையை இழுத்தாள்.

கை வந்தது. தோல் வரவில்லை. ஐந்து விரலும் விரிந்தபடி அது கதவிலேயே ஒட்டித் தொங்கியது.