பதிலுக்குத் தட்டக் கூடாது

பிராங்கிளின் சார் ஜீப்பை விட்டு இறங்கினப்ப காலை வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. பாறை தாங்குமா, சரியுமான்னு பாத்துச் சொல்ற இஞ்சினியர் அவரு. தொண்ணூத்தேழுல ஆத்தூர்ப் பக்கம் தண்ணிக் குழாய் கொண்டு போறதுக்காக ஒரு சின்னக் கரட்டு மலையைக் குடைஞ்சுக்கிட்டிருந்தோம். ஆழமே இல்லாத சுரங்கம். மேல ஆடு மேஞ்சா உள்ள எங்க தலையில மண்ணு உதிரும். "இம்புட்டு மெல்லிசா கூரையை விட்டா எப்படிய்யா?"ன்னு வாய் வலிக்கக் கேட்டேன். சித்தாள் பேச்சை எவன் கேட்டான்?

அன்னைக்கு விடியக்காலம் கூரை சரிஞ்சு ஆண்டனிராஜ் அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டாரு. என்கூடக் கல்லு சுமக்குற ஆனந்தமேரியோட புருசன். அவரும் எங்க வீட்டுக்காரரும் ஜோடியா நின்னு பாறையில துளை போடுறவுக. அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகல.

சரிஞ்சு கிடந்த பாறைக்குப் பின்னாலேர்ந்து சத்தம் வந்துச்சு.

டொக். டொக். டொக்.

"உசுரோட இருக்காரு சார்!"னு மேரி சார் காலைக் கட்டிக்கிட்டா.

சார் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. பாறையில சாய்வா ஒரு விரிசல் ஓடுச்சு. அதுக்குக் குறுக்க ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் பசை போட்டு ஒட்டுனாரு.

"பாறை நகர்ந்தா இது ஒடஞ்சுரும். சாயங்காலம் வரைக்கும் ஒடையலைன்னா தோண்டலாம். ஒடஞ்சா ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது, தோண்டுறவன் மேலயும் விழுந்துரும்"னாரு.

எல்லாரும் வெளிய வந்துட்டோம். மேரி வரல. அரிக்கேன் விளக்கை வச்சுக்கிட்டுக் கண்ணாடிக்கு முன்னால உக்காந்துட்டா. சொன்னாக் கேக்குற ஆளா அவ? மனசு கேக்காம நானும் போயி உக்காந்தேன். ஈர மண்ணு வாடை, வெடிமருந்து நெடி. அவ ஜெபமாலையை உருட்ட, நான் கண்ணாடியவே பாத்துக்கிட்டிருந்தேன். உச்சி வெயில் நேரம் வரைக்கும் அது கம்முனு இருந்துச்சு. உள்ளேர்ந்து விட்டு விட்டுத் தட்டு வந்துச்சு.

அப்புறம் நின்னுபோச்சு.

"ராமுத்தாயி, நாம இங்க இருக்கோம்னு அவருக்குத் தெரியலடி. விட்டுட்டுப் போயிட்டோம்னு நினைச்சுக்குவாரு."

"சும்மா இரு மேரி."

கேக்கல. ஒரு கல்லை எடுத்துப் பாறையில மூணு தட்டு தட்டுனா.

உடனே பதில் வந்துச்சு. வேகமா, சந்தோசமா.

மேரி சிரிச்சா. இன்னும் ஓங்கித் தட்டுனா.

கண்ணாடியில சாய்வா ஒரு கோடு விழுந்துச்சு.

சார் வந்து கண்ணாடியைப் பாத்தாரு. "நான் தட்டித்தான் சார் ஒடஞ்சுது, பாறை நகரல சார்!"னு மேரி கதறுனா. நானும் சொன்னேன்.

"புருசன் உள்ள இருந்தா எந்தப் பொம்பளையும் இதைத்தான் சொல்லுவா."

"தட்டுறது கேக்குதே சார்?"ன்னேன்.

"பாறை இறங்குற சத்தம்மா அது."

படுபாவி! அன்னைக்கே காங்கிரீட் போட்டு அடைக்கச் சொல்லிட்டாரு. மேரியை நாலு பேரு புடிச்சு இழுத்துட்டுப் போனாக. கலவை இறுகுற வரைக்கும் தட்டு நிக்கல.

பொணத்தைக் காட்டாம வளையலைக் கழட்ட மாட்டேன்னுட்டா மேரி. ஒரு நாள் எங்க வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. தரைக்கு அடியில டொக், டொக், டொக். அவ முகம் மலர்ந்து, பதிலுக்குத் தரையில தட்டுனா. கையில இருந்த கண்ணாடி வளையல் அத்தனையும் கழண்டு விழுந்துச்சு. ஒவ்வொண்ணும் சாய்வா ஒடஞ்சு கிடந்துச்சு.

"என் கையாலயே ரெண்டு தடவை கொன்னுட்டேன்டி"ன்னா. அதுக்கப்புறம் அவ எதுலயும் தட்டுனதில்ல. கதவைக்கூட.

ஆறு வருசம் சத்தமில்லாம இருந்துச்சு. இன்னைக்குக் காலையில எங்க வீட்டுக்காரரு பழனிப் பக்கம் புதுசா ஒரு சுரங்க வேலைக்குக் கிளம்பிப் போனாரு. நான் வெஞ்சனத்துக்கு இஞ்சி தட்ட உக்காந்தேன்.

டொக். டொக். டொக்.

கையை நிறுத்துறதுக்குள்ள என் குழவி மூணு தட்டு தட்டிருச்சு.

வளையலைப் பாத்தேன். எல்லாத்துலயும் சாய்வா ஒரு கோடு. ஒண்ணும் இன்னும் ஒடஞ்சு விழல.

அவரு சாயங்காலம் வந்துருவாரு. அதுவரைக்கும் கையை அசைக்காம உக்காந்திருக்கேன், இஞ்சி காயுது, அடுப்பு அணைஞ்சுபோச்சு.

கீழ தட்டு நிக்கல. வேகமா, சந்தோசமா.