அல்தா பூசிய குஞ்சு

இதைச் சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் புருலியாப் பக்கத்தில் எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்துபோன கதைதான். உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் பழுப்புக் கோழி அந்த முறை அடைக்கு உட்கார்ந்தபோது, அம்மா அதைக் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மூன்று நாள் தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை தெளிந்துவிடும். கோழி சீக்கிரமே மறுபடி முட்டையிடும்.

"விடும்மா! குஞ்சு பொரிக்கட்டும்," என்று நான் வழியை மறித்தேன்.

"பொரிச்சு? போன தடவை அத்தனையும் பருந்துக்குத்தான் போச்சு. பொரிக்க மூணு வாரம், வளக்க ரெண்டு மாசம். அதுவரைக்கும் ஒரு முட்டை கிடையாது."

"நான் பாத்துக்கறேன். ஒண்ணு குறைஞ்சாலும் என்னைக் கேளு!"

என்ன வாய் பாருங்கள் எனக்கு!

எட்டுக் குஞ்சுகள் பொரித்தன. அந்தக் கோழி பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! நொய் போட்டால் தான் தின்னாது. 'கொக் கொக்' என்று குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கொத்திக் காட்டும். மண்ணைக் கிளறிக் கரையான் எடுத்துக் கொடுக்கும். காற்று குளிர்ந்தால் எட்டும் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும்.

எங்கள் ஊரில் கோழிகள் எல்லார் முற்றத்திலும் மேயும். அதனால் குஞ்சுகளின் முதுகில் ஒரு பொட்டு வைப்போம். எங்கள் வீட்டுக்கு அல்தா, அதாவது அக்கா காலில் பூசிக்கொள்ளும் சிவப்புச் சாயம். பக்கத்து வீட்டில் இருக்கும் என் தோழி மைனோவுக்கு மஞ்சள். பொட்டு இருந்தால் போதும், அப்புறம் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

ஒன்பதாம் நாள். அம்மா சாப்பாட்டுத் தட்டு தைக்கச் சால் மரத்து இலை பறிக்கக் காட்டுக்குப் போயிருந்தாள். தெருவில் பிள்ளைகள் கயிறு தாண்டும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு ஆட்டம் என்று ஓடினேன். திரும்பி வந்தால், கோழி சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கத்துகிறது. மேலே பருந்து போகிறது. எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழேதான்.

அம்மா வந்ததும் முதல் வேலையாக எண்ணுவாள்.

அப்போது மைனோ வீட்டுக் கோழி வேலியோரம் வந்தது. பின்னால் ஆறு குஞ்சுகள். எங்களுடையதைவிட இரண்டே நாள் இளையவை. மைனோ காய்ச்சலில் படுத்திருந்ததால், இன்னும் மஞ்சள் பொட்டு வைக்கவில்லை.

என் கை என்னைக் கேட்காமல் நீண்டது என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தெரிந்துதான் ஒன்றை எடுத்தேன்.

அல்தா பாட்டிலை அவசர அவசரமாகத் திறந்தேன். ஒரு பொட்டு வைக்கப்போய், குஞ்சின் தலை முழுக்கக் கொட்டிவிட்டது. துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது.

குஞ்சை எங்கள் கோழியிடம் விட்டேன். அது தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது. 'டொக்!' சிவப்புத் தலையில் ஒரு கொத்து. குஞ்சு வேலிக்கு அடியில் நுழைந்து தன் தாயிடம் ஓடியது. தாய்க்கும் அந்தத் தலையை அடையாளம் தெரியவில்லை. அதுவும் கொத்தியது.

"துலாரி! அடி துலாரி!"

போர்வையைச் சுற்றிக்கொண்டு மைனோ வந்தாள். அவள் கையில் அந்தக் குஞ்சு.

"உங்க குஞ்சு வழி தவறி வந்துடுச்சுடி. எங்க கோழி கொத்திடுச்சு. பாவம், ரத்தம் வந்துச்சு. காயத்துல மஞ்சள் வெச்சுவிட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "எங்களுதுல ஒண்ணக் காணோம். பருந்து அடிச்சிருக்கும். நான் தூங்கிட்டேன்டி."

"பட்டப்பகல்ல என்னடி தூக்கம்?" என்று உள்ளேயிருந்து அவள் அம்மா கத்தினாள்.

நான் குஞ்சை வாங்கிக்கொண்டேன். ஆமாம், கை நீட்டி வாங்கிக்கொண்டேன்! மைனோ தள்ளாடியபடி திரும்பி நடந்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மைனோ, நில்லு. இது உங்க குஞ்சுதான்."

"என்னடி உளர்றே? அல்தா இருக்கே?"

"நான்தான் பூசினேன். பருந்துகிட்டப் போனது எங்களுது. நான் விளையாடப் போயிட்டேன்."

மைனோ என்னை வெறித்துப் பார்த்தாள். "காய்ச்சல்ல கெடக்கறவ வீட்டுலயாடி திருடினே?"

நின்ற இடத்திலேயே புதைந்து போகலாம் போலிருந்தது.

"திட்டுறத அப்புறம் திட்டு. முதல்ல இதக் காப்பாத்தணும்," என்றேன்.

சிவப்பைப் பார்த்துத்தானே கோழி கொத்துகிறது? மைனோவின் குஞ்சுகளில் இரண்டு கறுப்பு. அவற்றை அது கொத்துவதில்லையே! சோற்றுப் பானையின் அடியிலிருந்து கரியை வழித்தேன். கடுகெண்ணெயில் குழைத்துக் குஞ்சின் தலையில் தடவினேன். மைனோவின் கோழியையும் குஞ்சுகளையும் கூடையால் மூடி, மேலே சாக்கைப் போட்டு இருட்டாக்கினேன். பிறகு கரித்தலையனை மெல்ல உள்ளே விட்டேன்.

இருவரும் கூடையில் காதை வைத்துக் கேட்டோம். 'கீச்' என்று ஒரு சத்தம். 'கொக் கொக்' என்று தாழ்ந்த குரல். அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கினால், இறக்கைக்கு அடியிலிருந்து கரித்தலை எட்டிப் பார்த்தது.

மைனோ சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அம்மா வந்ததும் நானே சொன்னேன். மைனோவின் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை.

"எட்டுல ஒண்ணு போனா ஏழு இருக்கு. அதுக்கா அடுத்த வீட்டுல கை வெச்சே?" என்று மட்டும் கேட்டாள். அடித்திருந்தால் தேவலை.

மறுநாள் பள்ளிக்கூடம் போனால், "ஏய் அல்தாக்காரி, எங்க ஆட்டுக்கும் பொட்டு வெச்சுடாதே!" என்று ஒரே கேலி. நான் நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எந்த முகத்தோடு பதில் சொல்வது?

ஏழும் வளர்ந்தன. எட்டாவது வாரம் கோழி அவற்றைக் கிட்டவே சேர்க்காமல் கொத்தி விரட்டியது. சில நாளில் முட்டையிட ஆரம்பித்தது. பன்னிரண்டு முட்டை இட்டது. அம்மா எல்லாவற்றையும் சந்தைக்குக் கொண்டுபோனாள். கோழி மறுபடி அடைக்கு உட்கார்ந்தது. அம்மா குளத்துக்குக் கொண்டுபோக அதைக் கையில் எடுத்தாள். இந்த முறை நான் வழியை மறிக்கவில்லை.

அப்போது மைனோ முறத்தில் முட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள்.

"சித்தி, எங்க கோழி இன்னும் அடைக்கு உக்காரல. இந்தப் பத்து முட்டையையும் உங்க கோழிக்கு வெக்கலாமா? பொரிச்சா ஆளுக்குப் பாதி."

"வெக்கலாம். காவலுக்கு யாரு?" என்றாள் அம்மா.

"துலாரிதான்," என்றாள் மைனோ, வேறு யார் இருக்கிறார்கள் என்பதுபோல.

நான் சட்டெனக் குனிந்து அடை வைக்கும் பானைக்குள் வைக்கோலைப் பரப்பினேன். பரப்பி முடித்த பிறகும் வெகுநேரம் நிமிரவே இல்லை.