அடியில் உடைந்த கோது

குற்றத்தை மறைக்க வழி கேட்டுத்தான் ஆட்கள் வழக்கமாக யோகலிங்கத்திடம் வருவார்கள். கிறிஸ்துராஜா மட்டும், தான் செய்த குற்றம் என்னவென்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்தான்.

தொண்ணூற்றோராம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே யோகலிங்கத்துக்கு ஓர் அறை இருந்தது. கொழும்பில் இன்சூரன்ஸ் கொம்பனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் போய்ப் பார்த்து, எவன் பொய் சொல்கிறான் என்று சொல்வதுதான் முன்பு அவருடைய வேலை. லண்டனிலும் அந்த வேலைக்குக் குறைவில்லை. சனம் ஊர் மாறியதே தவிர, பொய் மாறவில்லை. பக்கத்தில் வீடியோக் கடை வைத்திருந்த பத்மநாதன், அந்தப் படியில் யார் ஏறினாலும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பின்னால் ஏறி வந்துவிடுவான்.

கிறிஸ்துராஜா கதிரையின் நுனியில் இருந்தான். கைலேஞ்சி ஒன்றை மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தான். உள்ளே, சுட்ட தோட்டா ஒன்றின் பித்தளைக் கோது, இரண்டு துண்டாக உடைந்து கிடந்தது.

"தில்லையம்பலத்தின்ரை கண்ணிலை அடிச்சது இதிலையிருந்து வந்ததுதான், அண்ணை. இந்தத் தோட்டாவைச் செய்தது நான்."

அவனும் தில்லையம்பலமும் ஒரே தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை. ஃபோர்மன் ஒருவன் கூட்டிக்கொண்டு போனதில் இருவரும் ஒரு துவக்குக் கிளப்பில் சேர்ந்தார்கள். லைசென்ஸ் எடுத்து, ஒரே மாதிரியான பழைய ஆமித் துவக்கு ஆளுக்கொன்று வாங்கினார்கள். சுட்ட கோதை எறியாமல், அடியில் தட்டினால் நெருப்புப் பிடிக்கும் புதிய கேப்பும், உள்ளே வெடிமருந்தும், நுனியில் குண்டும் போட்டுத் திரும்பப் பாவிப்பது அங்கே எல்லோரும் செய்வதுதான். தில்லையம்பலத்துக்கு அதற்குப் பொறுமை இல்லை. ஆகையால் இரண்டு பேருக்கும் கிறிஸ்துராஜாவே செய்வான். போன ஞாயிற்றுக்கிழமை தெரிவுப் போட்டி. கிளப் அணியில் ஓர் இடம்தான் காலி. தில்லையம்பலம் குப்புறப் படுத்திருந்து சுட்டபோது தோட்டா பின்பக்கமாகப் பிய்ந்து, புகையும் பித்தளைத் தூளும் முகத்தில் அடித்துவிட்டது. வலது கண்ணில் கட்டு. அவிழ்த்துப் பார்த்துத்தான் சொல்லலாம் என்கிறார் டொக்டர்.

"மருந்தைக் கூடப் போட்டிட்டியோ?" பத்மநாதன் முன்னுக்குச் சாய்ந்தான்.

"தில்லையின்ரை மனுசி தவமலரும் அப்பிடித்தான் சொல்லுறா. ஒரு இடம், ரெண்டு பேர். புருசனை விழுத்த நான் வேணுமெண்டு செய்தனானாம். சனிக்கிழமை கிளப் கூட்டம். காரணம் சொல்லாட்டி விசயம் பொலிசுக்குப் போகுமாம்."

"தமிழன், துவக்கு, வெடிமருந்து. பொலிசுக்கு வேறை என்ன வேணும்? முடிஞ்சுது உன்ரை கதை."

"பொலிசு கிடக்கட்டும், பத்மநாதன் அண்ணை. தில்லையின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திட்டன். என்ன பிழை விட்டனான் எண்டு தெரிஞ்சாத்தானே உள்ளுக்குப் போய்ச் சொல்லலாம்?"

யோகலிங்கம் இரண்டு துண்டையும் யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கோது, அடிக்குச் சற்று மேலே, கத்தியால் சுற்றி வெட்டியதுபோல உடைந்திருந்தது. அடியில் எந்தக் குறியும் இல்லை. நடுவில் கேப் உருண்டையாக இருந்தது.

"மருந்து கூடினால் இந்தக் கேப் எப்பிடி இருக்கும்?"

"சப்பளிஞ்சு போயிருக்கும்."

"இது?"

கிறிஸ்துராஜா குனிந்து பார்த்தான். "இது... சும்மா இருக்கு."

"ரெண்டு துவக்கும் ஒரே அளவோ?"

"பேருக்கு ஒரே அளவு. ஆனா தோட்டா போய் இருக்கிற அறை என்ரையிலை இறுக்கம், தில்லையின்ரையிலை தொளதொளப்பு. சுடேக்கை கோது ஊதி அந்தந்த அறையின்ரை அச்சுக்கு வந்திடும். அதாலை நான் கோதின்ரை கழுத்தை மட்டும் இறுக்குவன், உடம்பைத் தொடமாட்டன். அவன்ரை கோது அவனுக்கு, என்ரை கோது எனக்கு."

"ரெண்டும் கலந்தால்?"

"கலவாது, அண்ணை. என்ரை கோதின்ரை அடியிலை கறுப்புப் புள்ளி. புதுசிலை மார்க்கர் பேனையாலை ஒருக்கா வைக்கிறதுதான். சுடச்சுட அது தேயும், எண்டாலும் வடு தெரியும். பேந்து பேனையைத் தொடமாட்டன். அவன்ரையிலை ஒண்டும் இல்லை."

"கையிலை என்ன?"

கிறிஸ்துராஜாவின் வலது உள்ளங்கையின் அடியில் நீலமாகக் கன்றியிருந்தது. அவன் கையை மூடிக்கொண்டான். "வேலையிலை பட்டது."

யோகலிங்கம் மேலே கேட்கவில்லை. அவர் யாரையும் நம்புவதில்லை. கண் கலங்குகிறவனை இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் நம்புவார்.

அன்று பின்னேரமே மூவரும் அப்டன் பார்க்கில் இருந்த கிறிஸ்துராஜாவின் வீட்டுக்குப் போனார்கள். அவன் மனைவி இம்மாகுலேற் கதவைத் திறந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டாள். முன்னறையில் மடு மாதா படம். அதன் முன்னால் இரண்டு பித்தளை மெழுகுதிரித் தண்டுகள். மாதா திருநாளுக்கு மினுக்கியவை. மஞ்சளுக்குள் மெல்லிய சிவப்பு ஓடிக்கொண்டு பளபளத்தன.

"கண் தெரியுமாமோ அண்ணை, அவருக்கு?" தேத்தண்ணியை வைக்கும்போது அவள் கேட்டது அது ஒன்றுதான்.

தில்லையம்பலத்தின் துவக்கைக் கிளப்பில் பூட்டி வைத்துவிட்டார்கள். கிறிஸ்துராஜாவின் துவக்கும், இருவருக்கும் மிஞ்சிய தோட்டாப் பெட்டிகளும் பின்னறை இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. யோகலிங்கம் சொன்னபடி கிறிஸ்துராஜா ஒவ்வொரு தோட்டாவிலும் குண்டைப் பிடுங்கி, மருந்தைத் தராசில் கொட்டி, கேப்பையும் கழற்றினான். எல்லாவற்றிலும் மருந்து ஒரே நிறை. பத்மநாதனுக்குப் பெரிய ஏமாற்றம்.

"அப்ப கிளப்பிலை ஆரோ ஒரு வெள்ளைக்காரன்தான் செய்திருக்கிறான், அண்ணை. தமிழன் அணிக்குள்ளை வரக்கூடாதெண்டு."

"உனக்குப் படம் பாத்துப் பாத்து மூளை பழுதாப் போச்சு. கொஞ்சம் பொறு. தம்பி, வெறுங்கோதுகளை உன்ரை துவக்கிலை போட்டுப் பார்."

முதலில் அவனுடைய பெட்டி, புள்ளி உள்ளவை. முதலாவது கோது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அறையை அடைக்கும் போல்ற் தடையில்லாமல் மூடியது. இரண்டாவதில் போல்ற் பாதியில் நின்றது. மூன்றாவதிலும் நின்றது. பிறகு தில்லையம்பலத்தின் பெட்டி. புள்ளி இல்லாத அந்தக் கோதுகளில் பாதி, இந்தத் துவக்கில் பிறந்து வளர்ந்தவைபோல இருந்துகொண்டன.

கிறிஸ்துராஜா துவக்கைக் கீழே வைத்தான். "மாறியிருக்கு."

"ஓம். இப்ப புள்ளியளைப் பார்."

மூவரும் குனிந்தார்கள். கோதுகளின் அடிகள் பல தரம் சுட்டுக் கீறல் விழுந்து பழுதாகியிருந்தன. புள்ளிகள் மட்டும் கறுகறுவென்று நேற்று வைத்தவைபோல இருந்தன.

"அந்தப் பேனையை நீ தொடமாட்டாய். அப்ப ஆரோ தொட்டிருக்கினம். கோதின்ரை நிறத்தைப் பார். பித்தளை இப்பிடிச் சிவக்கிறது புளி போட்டுத் தேய்ச்சால்தான். அதே நிறம் மாதாவுக்கு முன்னாலை ரெண்டு தண்டிலை இருக்கு. பத்மநாதன், தங்கச்சியைக் கூப்பிடு."

கூப்பிடத் தேவை இருக்கவில்லை. இம்மாகுலேற் கதவடியில்தான் நின்றாள்.

"நான்தான் மினுக்கினனான்," என்றாள். "திருநாளுக்குத் தண்டு மினுக்க ஒரு சட்டி புளி கரைச்சனான். இவரின்ரை கோதுகள் ரெண்டு டப்பாவிலை கருவலாக் கிடந்தது. போட்டிக்குப் போறார், எல்லாம் பித்தளைதானே எண்டு ஒரே சட்டிக்குள்ளை கொட்டித் தேய்ச்சுப்போட்டன். கழுவிப்போட்டுப் பாத்தா... புள்ளி ஒண்டிலையும் இல்லை."

"சொல்லியிருக்கலாமே, விசரி!"

"நீங்கள் கத்துவியளெண்டு பயந்துபோனன். எல்லாம் ஒரே அளவாத்தானே கண்ணுக்குத் தெரிஞ்சுது. சரி பாதியா எண்ணி, பாதிக்குப் பேனையாலை வைச்சன். இவர் அந்தப் புள்ளியை நம்பித்தான் மருந்து போட்டவர். அது கண்ணைக் குருடாக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? அண்டையிலிருந்து ஒரு நித்திரை இல்லை அண்ணை எனக்கு."

யோகலிங்கம் உடைந்த அடியைத் தூக்கிப் பிடித்தார்.

"இது உன்ரை பழங்கோது, தம்பி. இறுக்கமான அறையிலை வளந்தது. புள்ளி இல்லாததாலை தில்லையின்ரை பெட்டிக்குள்ளை போயிட்டுது. தொளதொளத்த அறையிலை சுடேக்கை நிரப்பிறதுக்கு நீளப் பாத்திருக்கு. பலதரம் சுட்டு மெலிஞ்ச பித்தளை, அடிக்குக் கிட்டப் பிய்ஞ்சு போச்சு. மருந்தும் காரணமில்லை, வெள்ளைக்காரனும் காரணமில்லை."

கிறிஸ்துராஜா சுவரோடு சாய்ந்து பெரிய மூச்சாக விட்டான். "அப்ப என்ரை பிழை இல்லை."

"அதை நான் சொல்லேல்லை," என்றார் யோகலிங்கம். "கையை விரி."

கிறிஸ்துராஜா மெல்ல விரித்தான். பத்மநாதன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"தொளதொளத்த அறையிலை எல்லாக் கோதும் போகும். தில்லைக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது. இறுக்கமான அறையிலை பெரிய கோது போகாது. ஆனா ஞாயிற்றுக்கிழமை உன்ரை முறைக்குரிய தோட்டா எல்லாம் சுட்டு முடிச்சிருக்கிறாய். போல்ற் மூடாத தோட்டாவை என்னண்டு சுட்டனி? உள்ளங்கையாலை குத்தி மூடியிருக்கிறாய். அந்தக் கண்டல் தொழிற்சாலையிலை வந்ததில்லை. முதல் தோட்டா இறுகேக்கையே கோது மாறிப்போச்செண்டு உனக்கு விளங்கியிருக்கும். கோதின்ரை சங்கதி இங்கை உனக்குத்தானே தெரியும்."

"மணல் ஏதும் புகுந்திட்டுதெண்டு..."

"மணலோ?"

கிறிஸ்துராஜா விரித்த கையை மூடினான். "இல்லை. விளங்கினது. கையைத் தூக்கினால் சுடுறதை நிப்பாட்டிப்போட்டு எல்லாரின்ரை தோட்டாவையும் பாப்பாங்கள். அண்டைக்கு வடிவாச் சுட்டுக்கொண்டிருந்தனான். இன்னும் கொஞ்சம்தானே, முடியட்டும் எண்டு விட்டன். அடுத்ததா தில்லை சுடப் படுத்தான்."

இம்மாகுலேற் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீ கேட்டது கிடைச்சுது," என்று யோகலிங்கம் எழும்பினார். "இப்ப ஆஸ்பத்திரிக்குள்ளை போக உனக்கு ஒரு கதை இருக்கு. போ."

தனியப் போக அவனால் ஏலவில்லை. நாலு பேருமாகத்தான் போனார்கள். கட்டிலருகில் இருந்த தவமலர் அவர்களைக் கண்டதும் எழுந்து குறுக்கே நின்றாள்.

"மற்றக் கண்ணையும் எடுக்க வந்தனியளோ, கிறிஸ்துராஜா அண்ணை? கூட்டத்தோடை வந்திருக்கிறியள்!"

"தவம், விடு. வரட்டும்," என்றான் தில்லையம்பலம். வலது கண்ணில் தடித்த கட்டு. கன்னத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

கிறிஸ்துராஜா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். புளிச் சட்டியைச் சொன்னபோது இம்மாகுலேற் இடையில் புகுந்து, "அது நான், அண்ணை, அவரில்லை," என்றாள். போல்ற்றைக் குத்தி மூடியதைச் சொல்லும்போது கன்றிய உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தவமலர் கையை ஓங்கினாள். ஆனால் அடிக்கவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியளே? தெரிஞ்சுகொண்டு விட்டவராம்! உங்கடை சிநேகிதன்!"

தில்லையம்பலம் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"எனக்கும் தெரியும், தவம்."

"என்ன தெரியும்?"

"பக்கத்திலை நிண்டனான். இவன் போல்ற்றிலை குத்தினதைப் பாத்தனான். ஒருக்கா இல்லை, நாலைஞ்சு தரம். ஏதோ பிழை எண்டு தெரிஞ்சுது. ரெண்டு பேரின்ரை தோட்டாவும் ஒரு கையாலை செய்தது எண்டும் தெரியும்." அவன் கிறிஸ்துராஜாவின் பக்கம் தலையைத் திருப்பினான். "வாயைத் திறக்கேல்லை. இன்னும் ரெண்டு இறுகட்டும், இவன் குறி தப்பட்டும் எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டனான். அந்தச் சந்தோசத்தோடைதான் போய்ப் படுத்தனான், மச்சான்."

தவமலர் புருசனைப் பார்த்தாள், பிறகு கிறிஸ்துராஜாவைப் பார்த்தாள். யாரைத் திட்டுவதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. கதிரையில் இருந்துவிட்டாள்.

"சனிக்கிழமை கூட்டத்திலை நான் எல்லாத்தையும் சொல்லுவன்," என்றான் கிறிஸ்துராஜா. "உன்ரை பேர் வராது."

"நீ மட்டும் போய் நிண்டு பெரிய மனுசன் ஆகப் பாக்கிறியோ? நானும் வாறன்."

"கண்ணைக் கட்டிக்கொண்டோ?" என்றாள் தவமலர்.

"கட்டுக் கண்ணுக்குத்தானே போட்டிருக்கு. வாய்க்கில்லையே."

பத்மநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யோகலிங்கம் அவனுடைய முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். வாசலைத் தாண்டும்போது பின்னால் இம்மாகுலேற்றின் குரல் கேட்டது.

"எத்தினை மணிக்குக் கூட்டம்?"