பதினான்காம் கணக்கு

11 நவம்பர் 1952, செவ்வாய்.
இன்றைய பிழை: பதினான்காம் கணக்கில் சரியாக இருந்த விடையை அடித்துவிட்டு, தவறான விடையை எழுதினேன்.
காரணம்: அது தவறு என்று சொன்னவர் காற்சட்டை போட்ட ஆபீஸ்காரர்.

இரண்டு வரி எழுதிய பஞ்சாலை பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இது அவள் வழக்கம். அன்றைய பிழை, அதற்குக் காரணம், நாளைய வேலை... மூன்றையும் விளக்கு வைத்ததும் எழுதிவிட வேண்டும். பிழை இல்லாத நாள் இதுவரை ஒன்றுகூட வரவில்லை. 'இந்த மண்டைக்கெல்லாம் அல்ஜீப்ரா ஏறுமா?' என்று பத்தொன்பது வயது மண்டையில் தானே குட்டிக்கொள்வாள். இன்றைக்கு மட்டும் குட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

எல்லாம் விடியற்காலையில் கேட்டில் நடந்தது.

லிங்கி ஆற்றை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒன்றரை வருஷமாகிறது. சர்க்காரை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஒளிந்திருக்கிறவர்களுக்குச் சோறோ மருந்தோ சேதியோ போய்விடக் கூடாது என்று, பால் மரம் சீவப் போகிற ஒவ்வொருவரையும் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்கிற சீதையக்கா பஞ்சாலையின் வாளிக்குள் கையை விட்டாள். துணிக்கடியில் நோட்டுப் புத்தகம்.

"என்னாடி இது?"

"கணக்கு நோட்டுக்கா. மங்குல பால் வடியிற வரைக்கும் சும்மாதான உக்காந்திருக்கோம்..."

உண்மைதான். மரம் சீவும்போது மரத்துக்கு ஒரு வாய்பாடு வரி சொல்லிக்கொண்டே போவாள். சீவி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் வடியக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் மற்றவர்களுக்கு வெற்றிலை; அவளுக்கு அல்ஜீப்ரா.

ஸ்பெஷல் போலீஸ் அர்ச்சுனன் நோட்டை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தான். முகம் மாறியது.

"எக்ஸு... ஒய்யி... எக்ஸு ஒன்பது... ஏய், யாரு இந்த எக்ஸு?"

"ஆளு இல்லண்ணே. தெரியாத எண்ணு."

"தெரியாதவனுக்கா இத்தனை பக்கம் எழுதி வச்சிருக்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பஞ்சாலை மட்டும் சிரிக்கவில்லை. இதைவிடச் சின்னக் காகிதத்துக்காக ஆளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

"சின்னக் கிராணியக் கூப்பிடுலா, படிச்சுப் பாக்கட்டும்!" என்றான் அர்ச்சுனன்.

தூறலில் குடையும் இல்லாமல் ஓடி வந்தான் அவன். தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி விசுவலிங்கத்தின் மகன், சிவசிதம்பரம். சிரம்பானிலிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டினான். இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது... விழுமா, விழாதா என்று அந்த நேரத்திலும் பஞ்சாலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்தான். துளி விழுந்தது. கண்ணும் கண்ணும் ஒரு கணம்...

"இது வெறும் கணக்கு. அல்ஜீப்ரா. அவவை விடுங்கோ," என்றவன் அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. "ஆனா பதினாலாவது பிழை. ஒன்பது இல்லை, இருபத்தொன்பது வரவேணும்."

"தப்புக் கணக்கத்தான் இப்படித் தூக்கிட்டு அலையிறியாடி?" என்று யாரோ கேட்க, வரிசை முழுக்க மறுபடியும் சிரிப்பு.

அவமானம் சுடச்சுட இருக்கும்போதே, முதல் மரத்தடியில் உட்கார்ந்து ஒன்பதை அடித்தாள். இருபத்தொன்பது என்று எழுதினாள்.

மாலையில்தான் விடையைக் கணக்குக்குள் போட்டுப் பார்த்தாள். நாலைக் கழித்து மூன்றால் பெருக்கு. ஐந்தைக் கழித்து இரண்டால் பெருக்கு. முன்னதிலிருந்து பின்னதை எடுத்தால் ஏழு வர வேண்டும். இருபத்தொன்பதைப் போட்டால் எழுபத்தைந்து, நாற்பத்தெட்டு... மீதி இருபத்தேழு! ஒன்பதைப் போட்டால் பதினைந்து, எட்டு... மீதி ஏழு.

மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். தன் கணக்கு சரி என்பதை நம்ப அவளுக்கு மூன்று தரம் வேண்டியிருந்தது. இப்போது மூன்றாவதையும் எழுதினாள்.

நாளைய வேலை: ஆபீஸ் ஜன்னலுக்குப் போவது.

மறுநாள் மதியம், பால் வாசம் போகாத கையோடு ஜன்னல் கட்டையில் நோட்டை வைத்தாள்.

"இருபத்தொன்பதப் போட்டுப் பாருங்க."

சிவசிதம்பரம் பேனாவை எடுத்தான். போட்டான். அடித்தான். மறுபடி போட்டான். காது மடல் சிவந்தது.

"மைனஸ் ரெண்டை மைனஸ் அஞ்சால பெருக்கினா பிளஸ் பத்து. நீங்க மைனஸாவே விட்டுட்டீங்க," என்றாள். "தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஆனா போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. அத்தன பேரு முன்னால சிரிக்க விட்டீங்களே..."

"ஓம்," என்று ஒப்புக்கொண்டான் அவன். "பிழை என்ர. என்னை மன்னிச்சுக்கொள்ளும். நீர் செய்ததுதான் சரி."

திட்டு வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்பலாம் என்று வந்தவள் நோட்டை எடுக்கக்கூட மறந்தாள். 'நீர்'... ஆபீஸ் ஜன்னலிலிருந்து அவளுக்கு இதுவரை 'ஏய்' மட்டும்தான் வந்திருக்கிறது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "சீனியர் பரீட்சையில கணக்கில ரெண்டு தரம் பெயில் நான். தோட்டம் முழுக்கப் பாஸ் எண்டு அப்பா சொல்லி வைச்சிருக்கிறார். இந்த டிசம்பர் கடைசித் தரம்... உங்கட மாலை வகுப்புக்கு நானும் வரலாமோ?"

"பெஞ்சு கால் ஆடும். பரவாயில்லையா?"

"நானே ஆடிக்கொண்டுதான் இருக்கிறன்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்...

வகுப்பு ஐந்து மணிக்கு, பள்ளிக்கூடக் கொட்டகையில். ஊரடங்குக்கு முன்னால் திருநாவுக்கரசு வாத்தியார் சைக்கிளில் லிங்கி போய்ச் சேர வேண்டும். அதனால் ஆறேகாலுக்கு மணி அடித்துவிடுவார். அல்ஜீப்ராவில் வாத்தியாரே இவர்களைவிட இரண்டு பாடம்தான் முன்னால். ஆகவே, பஞ்சாலையும் சிவசிதம்பரமும் ஒருவருக்கொருவர் முட்டிமோதித்தான் கற்றார்கள். கேள்வியின் இங்கிலீஷை அவன் உடைத்துச் சொல்வான். விடையை அவள் போட்டுப் பார்ப்பாள்.

"திரும்பவும் மைனஸ விட்டுட்டீங்க. அது என்ன உங்களப் பாத்தாலே ஓடி ஒளியுது?"

"உமக்கு மட்டும் எப்பிடிக் கையில நிக்குது?"

"தினம் தப்பு பண்றேன். எழுதி வைக்கிறேன். அதான்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

"என்னைப் பற்றி ஏதும்...?"

"முதல் தப்பே நீங்கதான்!"

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அவன் சிரித்தபோது கண் இரண்டும் சுருங்கிக் காணாமல் போயின. அன்றைக்கு அவள் போட்ட கணக்குகளில் நாலு தப்பு. காரணம் என்ற இடத்தில் மழை என்று எழுதினாள். பொய் எழுதியது அதுதான் முதல் தடவை.

அவளும் அதே டிசம்பரில்தான் எழுதுகிறாள், ஜூனியர் தாள். பாஸானால் பயிற்சி ஆசிரியை வேலைக்கு மனுப் போடலாம். இருபது வயதுக்கு மேல் மனுவை எடுக்க மாட்டார்கள். தை பிறந்தால் அவளுக்கு இருபது; அடுத்த பரீட்சை முடிவு வருவதற்குள் அதையும் தாண்டிவிடும். இந்த ஆறாம் தேதி சனிக்கிழமையை விட்டால் ஆயுசுக்கும் வாளியும் கத்தியும்தான்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் ஆபத்து வந்தது. வேலை நாளில், பரீட்சை நடக்கும் டவுனுக்குப் பஸ் பிடிக்க ஆபீஸ் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் கேட்டில் விட மாட்டார்கள். வியாழக்கிழமை, வேலை வாங்கும் மண்டோர் முருகையா லயத்து வாசலில் வந்து நின்றார்.

"பெரிய கிராணி சீட்டு இல்லன்னுட்டாரு பிள்ள. ஆளு பத்தலையாம்." கொஞ்சம் தயங்கினார். "நீயும் சின்னக் கிராணியும் ஒரே பெஞ்சுல உக்கார்றது அவரு காதுக்குப் போயிருச்சு..."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வேணாம்டி. வீட்டையும் புடுங்கிட்டா முள்ளுக்கம்பிக்கு வெளியே எங்க போயி நிப்போம்?"

பஞ்சாலை வாளியைக் கழுவப் பால் கொட்டகைக்குப் போனாள். மழையில் நனைந்தபடி அவன் அங்கே காத்திருந்தான். சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு காகிதம் எடுத்தான். விடுப்புச் சீட்டு. பெரிய கிராணியின் முத்திரையோடு!

"அப்பா சாப்பிடப் போன நேரம் குத்தினனான். பிடியும். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் கை நீண்டது... பாதியில் நின்றது.

"வேணாங்க."

"என்ன?"

"திருட்டுச் சீட்டுல போயி நான் எழுத வேணாம். புத்தகத்துப் பின்னால விடையப் பாத்துட்டு எழுதுற மாதிரி இருக்கு."

"விசரே உமக்கு? சனிக்கிழமை போனா வராது!"

"தெரியும். நேராவே கேக்கிறேன். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல, எல்லார் முன்னாலயும்."

"அவர் தரமாட்டார், பஞ்சாலை."

"ஏன் தரலன்னு அவரு வாயால சொல்லட்டும்."

"பிடிவாதம்..." என்று அவன் காகிதத்தைக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டான். திரும்பிப் பார்க்காமல் போனான். போனவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழை நீரா, வேறு நீரா... துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் பெரட்டு. ஆபீஸ் வாசலில் நூற்றுச்சொச்சம் பேர் வரிசையில் நிற்க, விசுவலிங்கம் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக் காற்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை. பஞ்சாலையின் பெயர் வந்ததும் அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"நாளைக்குப் பரீட்சைங்கய்யா. சீட்டு வேணும்."

"இல்லையெண்டு சொல்லி அனுப்பினனான்."

"ஏன்னு சொல்லலையே."

விசுவலிங்கம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பால் மரம் வெட்டுறவளுக்கு அல்ஜீப்ரா என்னத்துக்கு?"

"உங்க மகனுக்கு எதுக்கோ அதுக்குத்தாங்க."

"என்ர மகன் சீனியர் பாஸ்! ஆரோடு ஆரை வைச்சுப் பேசுறாய்?"

ஒரே ஒரு வார்த்தை... 'பெயில்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கின் நுனியில் இருந்தது. கேட்டில் அன்று சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். பஞ்சாலை உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லவில்லை.

"சீட்டு தரலன்னாலும் போவேங்கய்யா. கேட்டுல நிப்பேன். புடிச்சா புடிக்கட்டும். பேர வெட்டிக்குங்க."

"அப்பா." ஆபீஸ் படியிலிருந்து குரல் வந்தது. சிவசிதம்பரம் இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில், வரிசைக்கு முன்னால் நின்றான். "நான் பாஸ் இல்லை. கணக்கில ரெண்டு தரம் பெயில். உங்களுக்கும் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு மூண்டாம் தரம். இந்தத் தரம் பாஸானா, மைனஸ் பிடிக்கச் சொல்லித்தந்தது இவ. இவவுக்குச் சீட்டு இல்லையெண்டா எனக்கும் வேண்டாம்."

"உங்க பரீட்சைய எனக்காக விடாதீங்க!" என்று பஞ்சாலை அவன்மேல் பாய்ந்தாள். "யாரு கேட்டா?"

"நீர் பேசாம நில்லும்!"

"நீங்க பேசாம நில்லுங்க!"

பின்வரிசையில் சீதையக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். விசுவலிங்கம் மகனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இரண்டு வருஷமாகக் கட்டிக்காத்த பொய் நூறு பேர் முன்னால் உடைந்து கிடந்தது. அதில் இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மெதுவாக மேசைக்குப் போய் உட்கார்ந்து, சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மகனுக்கு ஒன்று எழுதினார். இரண்டாவது சீட்டில் பேனா நின்றது.

"காரணம்?" என்றார், நிமிராமல்.

"பரீட்சை," என்றாள் பஞ்சாலை.

எழுதினார். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அன்று மாலை வகுப்பு முடிந்து வாத்தியார் சைக்கிள் ஏறிவிட்டார். தூறல் விட்டபாடில்லை. கொட்டகை ஓரத்தில் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"'என்ர மகன் பாஸ்' எண்டு அப்பா உம்மட வாயைக் கிளறினவர். நீர் சொல்லேல்லை," என்றான் அவன்.

"அது உங்க கணக்கு, நீங்கதான் சொல்லணும்."

"பஞ்சாலை... ஒரு விடை எனக்குத் தெரியும். எத்தினை தரம் போட்டுப் பார்த்தாலும் அதுதான் வருகுது." அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு உம்மைப் பிடிச்சிருக்கு. கேட்டில நீர் முறைச்சுப் பார்த்தீரே, அண்டைக்கே..."

இமையில் மறுபடியும் ஒரு மழைத்துளி. இந்த முறை அது விழுந்த பிறகும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

"பெரிய கிராணி வீட்டுப் பிள்ளைங்க நீங்க. நாளைக்கு உங்கப்பா..."

"நூறு பேருக்கு முன்னால பெயில் எண்டு சொன்னவன். இதையும் சொல்லுவன்."

"சரிபாத்துச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினாள். வீடு வந்து சேரும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

5 டிசம்பர் 1952, வெள்ளி.
இன்றைய பிழை: அவர் கேட்டதற்குச் சரிபார்த்துச் சொல்கிறேன் என்றது. சரிபார்க்க ஒன்றுமில்லை.
காரணம்: மழை இல்லை. வெட்கம்.
நாளைய வேலை: ஆறே முக்கால் பஸ். பென்சில் இரண்டு, அழிரப்பர் ஒன்று. கேட்டில் அர்ச்சுனண்ணன் கேட்பதற்கு முன் நானே நோட்டைத் திறந்து காட்டுவது. பஸ் லிங்கிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவரிடம் அவர் பாஷையிலேயே "ஓம்" என்று சொல்வது. ஒன்பது மணிக்குக் கணக்குத் தாள்.