மூன்று மூச்சு

மழை விட்ட பகலில் தோமியும் ஹிசேயும் ஆற்றங்கரைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். சிவப்பு வளைவைத் தாண்டியதும் மரங்களுக்கடியில் இருட்டு, ஈரப் பாசியின் வாடை.

அரையாண்டுத் தீட்டைக் கழிக்கும் நாள் அது. காகிதப் பொம்மையை உடம்பில் தேய்த்து, மூன்று முறை ஊதி, ஆற்றில் விட்டால் நோயும் அதோடு போகும். பிறத்தியார் மேல் தேய்த்ததை ஊதினால் அவர் நோய் ஊதினவரிடம் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு இது தெரியும். பதினோரு வயது ஹிசேக்குத் தெரியாது.

தோமி கொண்டுவந்த பொம்மை, வீட்டில் ரத்தமாக இருமிக்கிடந்த கயோவின் நெஞ்சில் தேய்த்தது. கயோ அவள் பெற்ற மகள். ஹிசே மூத்தாள் பெண். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.

“ஏம்மா, என் மேல தேய்க்கவே இல்லையே. இது என்னோடதா?”

“யாரோடதா இருந்தா என்னடி? வாய மூடிக்கிட்டு ஊது.”

வாயை மூடிக்கொண்டு எப்படி ஊதுவது என்று ஹிசே சிரித்தாள். பிறகு ஊதினாள்.

திரும்பும்போது படியிலேயே இருமினாள். வீட்டில் கயோ எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். தோமிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இலையுதிர்காலத்தில் ஹிசேயைப் புதைத்தபோது ஒப்புக்குத்தான் அழுதாள்.

மறுவருடம் அதே நாளில், கொழுகொழுவென்றிருந்த கயோவைக் கோயிலுக்கு அழைத்துவந்தாள். பொம்மையை அவள் உடம்பில் தேய்த்து வாயருகே பிடித்தாள். கன்னம் உப்ப ஊதினாள் கயோ.

காகிதம் அசையவில்லை.

“நல்லா ஊதுடி.”

“ஊதிட்டுத்தானேம்மா இருக்கேன்.”

தோமி அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள்.

மூச்சே இல்லை.

“எனக்கு அக்காதானேம்மா மூச்சு விடுறா,” என்றாள் கயோ, சாதாரணமாக.

தோமியின் பிடரியில் சில்லென்று காற்று பட்டது. பாசி வாடை. கையிலிருந்த காகிதம் படபடத்தது.

இன்னொரு முறை.

மூன்றாவது மூச்சு வரவில்லை. கயோ அப்படியே அவள் மடியில் சரிந்தாள்.

“இப்ப நீ ஊதும்மா,” என்றது காதோரம் ஹிசேயின் குரல்.

தோமி ஊதத்தான் நினைத்தாள். பெற்ற மகளாயிற்றே, எந்த நோய் வந்தாலும் வரட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் உதடுகள் பிரியவில்லை. நகத்தால் கிழித்தும் பிரியவில்லை.

மடியில் கயோவின் கை சில்லிட்டுக்கொண்டே போனது.

பின்னால் ஹிசே சிரித்தாள். “வாய மூடிக்கிட்டு ஊதும்மா.”